இணைப் பிரபஞ்சம் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு: சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது, என்ன செலவாகும்

குவாண்டம் இயற்பியல் சொல்லும் இணைப் பிரபஞ்சங்களைப் பற்றிக் காணொளி பார்த்துவிட்டு, "இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டே தீர்வது" என்று உட்காருகிறவர்களில் பலர் ஒரு மாதத்துக்குள் எழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு போதவில்லை என்று நினைக்க வேண்டாம். வரிசைதான் தப்பு. தத்துவ விவாதத்தை முதலில் படித்துவிட்டு, கணக்கைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இந்த விஷயத்தில் கணக்கு மிகச் சிறியது, அது தெரியாமல் விவாதத்தில் ஒரு பக்கம்கூடப் புரியாது.

கீழே உள்ள வரிசைப்படி போனால், வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்குப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். செலவு முப்பது வெள்ளிக்குள் அடங்கும். லேசர் சோதனையை விட்டுவிட்டால் ஒரு காசுகூட இல்லாமல் முடிக்கலாம். இயற்பியல் பட்டம் தேவையில்லை.

1. எந்த இணைப் பிரபஞ்சம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே பெயரில் குறைந்தது இரண்டு வெவ்வேறு சரக்கு உலவுகிறது. ஒன்று அண்டவியலைச் சேர்ந்தது: பிரபஞ்சம் தொடக்கத்தில் மிக வேகமாக விரிந்தபோது நமக்கு எட்டாத தொலைவில் வேறு பகுதிகள் உருவாகியிருக்கலாம், அங்கே இயற்பியல் மாறிலிகள்கூட வேறாக இருக்கலாம் என்பது. இன்னொன்று ஹியூ எவரெட் 1957-இல் வெளியிட்ட பல உலகக் கருத்து. இதில் தொலைவு என்ற பேச்சே இல்லை. குவாண்டம் சமன்பாட்டை எங்கேயும் நிறுத்தாமல் ஓடவிட்டால் ஒரு நிகழ்வின் எல்லா விளைவுகளும் தனித்தனிக் கிளைகளாகத் தொடரும் என்பதுதான் அதன் சாரம்.

இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது மட்டும். இரண்டையும் குழப்பும் காணொளியைப் பாதியிலேயே மூடிவிடுங்கள். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: "வெகு தொலைவில் உங்களைப் போலவே ஒருவர்" என்று ஆரம்பித்து அடுத்த நிமிடமே குவாண்டம் உதாரணமான ஷ்ரோடிங்கரின் பூனைக்குத் தாவினால், சொல்பவர் இரண்டையும் ஒன்றாகக் கலக்குகிறார்.

2020-இல் "நாசா இணைப் பிரபஞ்சத்தைக் கண்டுபிடித்தது" என்று ஒரு செய்தி சுற்றியது, இன்றைக்கும் குடும்பக் குழுக்களில் வந்து விழுகிறது. அது அண்டார்டிகாவில் பலூனில் பறந்த அனிட்டா என்ற ஆன்டெனாத் தொகுதி பதிவு செய்த, விளக்கம் கிடைக்காத சில ரேடியோத் துடிப்புகளைப் பற்றியது. மேலே சொன்ன இரண்டு வகைக்கும் அது ஆதாரம் ஆகாது.

2. கணிதம்: ஐந்து வாரம், அதற்கு மேல் வேண்டாம்

தேவைப்படுவது நான்கே விஷயம்: கலப்பு எண்களைக் கூட்டவும் பெருக்கவும் அவற்றின் அளவைக் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும், 2×2 அணியை ஒரு வெக்டரோடு பெருக்க வேண்டும், நிகழ்தகவின் அடிப்படை வேண்டும், சைன், கொசைன் மறந்துபோயிருக்கக் கூடாது. நுண்கணிதம் இந்தப் பயணத்துக்கு வேண்டியதே இல்லை. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை அதன் முழு வகையீட்டு வடிவில் முதல் நாளே எதிர்கொண்டு மிரண்டவர்கள் இந்த இடத்தில் ஆறுதல் அடையலாம்.

தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் படித்தவருக்குக் கலப்பு எண்கள் ஏற்கெனவே தெரியும். அணிகள் உயர்நிலையிலேயே வந்துபோயிருக்கும், தூசு தட்டினால் போதும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் பக்கம் போனவர்களுக்கும் இது பழைய பாடமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல்கள் தமிழ் வழியிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினொன்றில் அணிகளும் வெக்டரும், பன்னிரண்டில் கலப்பு எண்கள். இந்த மூன்று அத்தியாயங்களின் எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் போட்டால் வேலை முடிந்தது. பயிற்சிக் கணக்கு முழுவதையும் போட உட்காராதீர்கள், அது தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு.

இந்தக் கட்டத்தைத் தாண்டியாயிற்று என்று எப்படித் தெரியும்? 1/√2 ஐ வெளியே வைத்து, உள்ளே முதல் வரிசையில் 1, 1 என்றும் இரண்டாம் வரிசையில் 1, −1 என்றும் உள்ள அணியை அதனுடனேயே பெருக்குங்கள். விடை அலகு அணி. இரண்டு நிமிடத்துக்குள் அது வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

3. நூலக அட்டையும் 530.12 அலமாரியும்

தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் அட்டை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இலவசம். சிங்பாஸ் வைத்து இணையத்திலேயே பதிவு செய்யலாம். வேலை அனுமதியில் இருப்பவர்கள் ஃபின் எண்ணுடன் பதிய வேண்டும், கட்டணம் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் அதைக் கட்ட வேண்டிய அவசியமில்லை. நூலகத்துக்குள் நுழையவும் உட்கார்ந்து படிக்கவும் யாருக்கும் அட்டை தேவையில்லை.

குவாண்டம் இயக்கவியல் நூல்கள் 530.12 என்ற எண்ணில் அடுக்கப்பட்டிருக்கும். பக்கத்து வட்டார நூலகத்தில் இரண்டு மூன்று நூல்தான் இருக்கும், அவையும் படக்கதை அளவில். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் அடித்தளத்தில் இருப்பது இரவல் கொடுக்கும் நூலகம். ஏழாம் மாடியிலிருந்து மேலே இருப்பது லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். அங்கே உள்ளதை எடுத்துச் செல்ல முடியாது, அங்கேயே படிக்க வேண்டும். பூகிஸ், பிராஸ் பாசா இரண்டு எம்ஆர்டி நிலையத்திலிருந்தும் நடக்கும் தூரம். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். தேர்வுக் காலங்களில் பகலுக்கு மேல் உட்கார இடம் கிடைப்பது சிரமம்.

தலைப்பில் குவாண்டம் என்று போட்ட எல்லாப் புத்தகமும் இந்த எண்ணில் இருக்காது. முதுகில் 131 அல்லது 158 என்று ஆரம்பித்தால் அது மனோவசியம், சுயமுன்னேற்றம் வகை. திருப்பி வைத்துவிடுங்கள்.

காணொளி பார்த்தே பழகியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறோம். எம்ஐடி இலவசமாக வெளியிட்டுள்ள 8.04 குவாண்டம் இயற்பியல் பாடத்தில் 2013-ஆம் ஆண்டு வரிசையின் முதல் வகுப்பைப் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஓடும். எலக்ட்ரான்களைப் பெட்டிகள் வழியாக அனுப்பி மேற்பொருந்துதலை, அதாவது ஒரு துகள் இரண்டு நிலைகளின் கலவையாக இருப்பதை, ஒரு சமன்பாடும் இல்லாமல் விளக்குகிறார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து நுண்கணிதம் தலைகாட்டும், அதை இப்போது தொட வேண்டாம்.

4. வரவேற்பறையில் லேசர் (விரும்பினால்)

இதைத் தாண்டிப் போனாலும் நட்டமில்லை. ஆனால் குறுக்கீடு (அலைகள் ஓரிடத்தில் கூடுவதும் இன்னோரிடத்தில் அடிபட்டுப்போவதும்) என்ற சொல்லைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு கணக்கில் கழித்தல் குறி வரும்போது உறுத்தாது.

வேண்டியவை: சிவப்பு லேசர் சுட்டி ஒன்று, ஒரு தலைமுடி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போட்ட அட்டை, ஒட்டுநாடா, துணி மாட்டும் கிளிப் ஒன்று. லேசர் சுட்டியைக் கடையில் பார்த்தே வாங்குங்கள். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் போன்ற மின்னணுப் பொருள் கடைகளில் கேட்கலாம், பத்து இருபது வெள்ளிக்குள் முடியும். சுட்டியின் உடம்பில் வகுப்பு 2 என்று அச்சிட்டிருக்க வேண்டும், அதாவது 1 மில்லிவாட்டுக்குள்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு அளவும் உள்ளே வேறு அளவும் இருப்பது சாதாரணம். மலிவுப் பச்சை லேசர்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கசிவும் இருக்கும். ஒளி மங்கலாகத் தெரிவதால் கண் சிமிட்டாது, விழித்திரை புண்ணாகும். வகுப்பு 3பி, வகுப்பு 4 லேசர்கள் இங்கே கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. தெரியாமல் வாங்கினேன் என்பது சமாதானம் ஆகாது.

முடியை ஓட்டையின் குறுக்கே செங்குத்தாக இழுத்து இரண்டு முனையையும் ஒட்டுங்கள். லேசரை மேசையில் வைத்து, பொத்தானைக் கிளிப்பால் அழுத்திப் பிடிக்க வையுங்கள். ஒளி முடியின் மேல் பட்டு மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழ வேண்டும். வீவக வீட்டு வரவேற்பறையில் அந்த நீளம் பெரும்பாலும் கிடைத்துவிடும். விளக்கை அணைத்து, வழியில் கண்ணாடி, தொலைக்காட்சித் திரை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருந்தால் ஒளியின் உயரம் அவர்கள் கண் மட்டத்துக்கு வரக் கூடாது.

சுவரில் பக்கவாட்டில் ஒளியும் இருளும் மாறி மாறி வரும். இருட்டுப் பட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் எடுங்கள். 650 நானோமீட்டர் அலைநீளம், 3 மீட்டர் தூரம், 0.07 மில்லிமீட்டர் முடி என்றால் 2.8 சென்டிமீட்டர் வரும். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி முடியின் தடிமனால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். பட்டை தெரியவே இல்லை என்றால் பத்தில் ஒன்பது முறை ஒளி முடியின் மேல் படவில்லை என்று அர்த்தம். அட்டையை மயிரிழை அளவு நகர்த்திப் பாருங்கள்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தச் சோதனை இணைப் பிரபஞ்சத்துக்கு ஆதாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1 மில்லிவாட் சிவப்பு லேசர் நொடிக்கு ஏறத்தாழ 3.3 × 10¹⁵ ஃபோட்டான்களை உமிழ்கிறது. மூன்று மீட்டர் கடக்க ஒளிக்கு 10 நானோ நொடி. எந்தக் கணத்தில் பார்த்தாலும் மூன்று கோடிக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள் லேசருக்கும் சுவருக்கும் இடையே இருக்கின்றன. ஒளியைச் சாதாரண அலையாக வைத்தே இந்தப் பட்டையை முழுக்க விளக்கிவிடலாம். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் பட்டை படிப்படியாக உருவாகிறது என்பதுதான் குவாண்டம் புதிர், அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அதன் வேலையை அடுத்த இரண்டு படிகள் மேசையிலேயே செய்து காட்டும்.

5. தாளில் ஒரே ஒரு கணக்கு

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியிலும் அடுத்ததிலும்தான் இருக்கிறது. வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

ஒரு கியூபிட் என்பது |0⟩, |1⟩ என்ற இரண்டு நிலைகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வீச்சு எண் இருக்கும். அந்த எண்ணின் அளவை வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு. கேட் என்றால் கியூபிட்டின் நிலையை மாற்றும் ஒரு செயல். எச் கேட் என்பது படி 2-இல் நீங்கள் பெருக்கிய அதே அணி. |0⟩ ஐ (|0⟩ + |1⟩)/√2 ஆக மாற்றும். |1⟩ ஐ (|0⟩ − |1⟩)/√2 ஆக மாற்றும்.

முதல் கணக்கு: |0⟩ இல் தொடங்கி எச் கேட்டை இரண்டு முறை போடுங்கள். 0-க்குப் போகும் இரண்டு வழிகளும் ½, ½ என்று கூடி 1 ஆகும். 1-க்குப் போகும் இரண்டு வழிகளும் ½, −½ என்று அடிபட்டுப்போகும். விடை உறுதியாக 0. நாணயத்தைச் சுண்டிவிட்டு, பார்க்காமல் இன்னொரு தடவை சுண்டினால் உறுதியான விடை ஒருநாளும் வராது, இங்கே வருகிறது.

இரண்டாவது கணக்கு: நடுவில் ஒரு சாட்சியை நுழையுங்கள். அதாவது இன்னொரு கியூபிட்டை |0⟩ இல் வைத்து, இரண்டு எச்களுக்கும் இடையில் சிநாட் கேட் போடுங்கள். முதல் கியூபிட் 1 என்றால் இரண்டாவதைப் புரட்டும், 0 என்றால் விட்டுவிடும். இப்போது நிலை (|00⟩ + |11⟩)/√2. முதல் கியூபிட்டின் மேல் மீண்டும் எச் போட்டால் (|00⟩ + |10⟩ + |01⟩ − |11⟩)/2 வரும்.

கூர்ந்து பாருங்கள். முன்பு அடிபட்டுப்போன ½, −½ இரண்டும் இப்போது |10⟩, |11⟩ என்ற வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. சாட்சியின் எண் வேறுபடுவதால் அவை சந்திக்கவே இல்லை. முதல் கியூபிட்டில் 0 வர நிகழ்தகவு ½, 1 வர ½. முதல் கியூபிட்டை யாரும் தொடவில்லை, இடிக்கவில்லை. அதைப் பற்றிய தகவல் இன்னொரு இடத்தில் பதிந்ததே குறுக்கீட்டை அழித்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ளாமல் கிளைகள் என்ற பேச்சுக்குப் போகாதீர்கள். கிளை என்பது வேறு ஒன்றுமில்லை: கூட்டலில் இனி சந்திக்காத இரண்டு உறுப்புகள்.

6. அதையே திரையில் போட்டுப் பார்ப்பது

குயர்க் என்றொரு இலவச உருவகக் கருவி உலாவியிலேயே ஓடும். கணக்குத் திறக்க வேண்டாம், நிறுவ வேண்டாம். கேட்டுகளைச் சுட்டெலியால் இழுத்துக் கம்பியில் வைக்க வேண்டும். கைப்பேசியில் விரலால் இழுப்பது பெரும்பாடு, மடிக்கணினியில் செய்யுங்கள். வலது ஓரத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் 1 வரும் வாய்ப்பு விழுக்காட்டில் தெரியும்.

முதல் கம்பியில் எச், எச் வையுங்கள்: 0 விழுக்காடு. டி, எஸ், இசட் என்ற கேட்டுகள் |1⟩ இன் வீச்சை மட்டும் வெவ்வேறு அளவு திருப்பும். நடுவில் டி கேட்: 14.6. அதை எடுத்துவிட்டு எஸ் கேட்: 50. இசட் கேட்: 100. சுவரில் பார்த்த பட்டைதான் இங்கே எண்ணாக ஏறி இறங்குகிறது.

இப்போது நடுவில் சிநாட்டை நுழையுங்கள். முதல் கம்பியில் கறுப்புப் புள்ளி, அதே நெடுவரிசையில் இரண்டாம் கம்பியில் வட்டத்துக்குள் கூட்டல் குறி. இனி டி, எஸ், இசட் எதை வைத்தாலும் 50 விழுக்காடு அசையாது.

புதியவர்கள் இந்த இடத்தில் சாட்சிக்குப் பதிலாக அளவீட்டுக் கேட்டையே நடுவில் வைக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பின்னால் எச் வைத்தால் குயர்க் ஒத்துக்கொள்ளாது, 'நோ ரீமிக்ஸ், ஸாரி' என்று மன்னிப்புக் கேட்கும். கருவி கெட்டுப்போய்விட்டது என்று எண்ண வேண்டாம், அளந்த கம்பியை அது மறுபடி கலக்க விடாது. சாட்சிக் கம்பியைப் பயன்படுத்துவதுதான் சரியான வழி.

அடுத்து, முதல் சிநாட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிநாட் வையுங்கள். இரண்டாவது முதலாவதைத் துடைத்துவிடும், சாட்சிக்கு எதுவும் தெரியாது. குறுக்கீடு திரும்பி வந்துவிடும்: எச், எச் மட்டும் இருந்தால் மறுபடியும் 0 விழுக்காடு. பிரிந்த கிளைகள் ஒன்றுசேர்ந்துவிட்டன என்று எவரெட் பக்கத்து ஆள் இதைச் சொல்வார்.

கடைசியாக, மூன்று சாட்சிக் கம்பிகளில் பதிவு செய்யுங்கள். இரண்டை மட்டும் துடையுங்கள். 50 விழுக்காடு அப்படியே நிற்கும். மூன்றையும் துடைத்தால்தான் குறுக்கீடு திரும்பும். இதைப் பெரிதாக்கிப் பார்த்தால் டிகோஹியரன்ஸ். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு தூசி இங்கே இருந்ததா அங்கே இருந்ததா என்பது அவற்றில் பதிந்துவிட்டால், ஒன்று விடாமல் துடைக்க யாராலும் ஆகாது. அன்றாட வாழ்க்கையில் கிளைகள் மறுபடி சந்திக்காததற்குக் காரணம் இவ்வளவுதான். தனியாக ஒரு விதி தேவைப்படவில்லை.

7. உண்மையான இயந்திரத்தில் ஓட்ட விரும்பினால்

ஐபிஎம் நிறுவனத்தின் குவாண்டம் கணினிகளில் மாதத்துக்குச் சில நிமிடம் இலவசமாக ஓட்ட ஒரு திட்டம் உண்டு. மேலே சொன்ன சுற்றுக்கு ஒருசில நொடிதான் செலவாகும். வரிசையில் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். இரவு அனுப்பிவிட்டுக் காலையில் பாருங்கள்.

மூன்று இடத்தில் தடுக்கி விழுவீர்கள். ஒன்று, எச், எச் என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மென்பொருள் இரண்டையும் தேவையற்றது என்று நீக்கிவிடும், இயந்திரம் எதையும் செய்யாமலே 0 காட்டும். இரண்டுக்கும் இடையில் தடுப்புக் குறி ஒன்று போடுங்கள். துடைக்கும் சிநாட்டுக்கும் அப்படியே. இரண்டு, ஐபிஎம்மின் மென்பொருளான கிஸ்கிட் காட்டும் விடையில் வலக்கோடி எண்தான் முதல் கியூபிட். மூன்று, 1000 தடவை ஓட்டினால் 50 விழுக்காடு என்பது சரியாக 500 என்று வராது. 470-க்கும் 530-க்கும் இடையில் எதுவும் சரியே. 0 வர வேண்டிய இடத்தில் சில 1-கள் வருவது கருவியின் பிழை, வேறு பிரபஞ்சத்தின் கசிவு அல்ல.

8. இனி எவரெட்டைப் படிக்கலாம்

பத்தாவது வாரத்துக்கு முன் இதைத் திறக்க வேண்டாம். 1957-இல் ரிவியூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ் இதழில் வந்த கட்டுரை ஒன்பதே பக்கம். நீங்கள் போட்ட கணக்குதான் அதிலும் இருக்கிறது. சாட்சிக் கம்பியின் இடத்தில் அளவுக் கருவியும் அதைப் பார்ப்பவரும் இருக்கிறார்கள், அவ்வளவே. பார்ப்பவரும் அணுக்களால் ஆனவர், அவருக்கு மட்டும் தனிச் சட்டம் எதற்கு என்பதுதான் எவரெட்டின் கேள்வி. வழக்கமான பாடநூல், அளந்தவுடன் அலைச்சார்பு (படி 5-இல் எழுதிய கலவை நிலைதான்) சரிந்து ஒரே விடையாகிவிடும் என்று ஒரு கூடுதல் விதியைச் சேர்க்கிறது. எவரெட் அந்த விதியை எடுத்துவிடுகிறார். மிஞ்சுவது: "0 பார்த்தவர்" ஒரு உறுப்பில், "1 பார்த்தவர்" இன்னொரு உறுப்பில், இருவரும் சந்திப்பதில்லை.

ஆக, பிரபஞ்சங்களை யாரும் சேர்க்கவில்லை; ஒரு விதியைக் கழித்ததன் மிச்சம் அது. இதைச் சொல்லத் தெரிந்துவிட்டால் காணொளிகளில் பாதி குப்பை என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

அதன் பிறகு ஸ்டான்ஃபர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தில் பல உலகக் கருத்து பற்றிய பதிவைப் படியுங்கள். இலவசம். எதிர்ப்புகளைத் தொகுத்துள்ள பகுதியை விட்டுவிடக் கூடாது.

9. நிகழ்தகவு: சண்டை உண்மையாக நடக்கும் இடம்

குயர்க்கில் ஒரு கம்பியில் ஒய் கால் கேட் (திரையில் Y^¼) ஒன்றை மட்டும் வையுங்கள். 14.6 விழுக்காடு காட்டும். கிளைகள் இரண்டுதான்: 0 ஒன்று, 1 ஒன்று. தலையெண்ணிப் பார்த்தால் ஆளுக்குப் பாதி, 50 விழுக்காடு என்று வர வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் வருவது 14.6. எல்லாமே நடக்கிறது என்றால், ஒன்று அரிதாகவும் இன்னொன்று அடிக்கடியும் நடப்பது எந்த அர்த்தத்தில்?

பல உலகக் கருத்தின் மேல் வைக்கப்படும் மிகக் கடினமான கேள்வி இதுதான். டேவிட் டாய்ச் 1999-இல் முடிவெடுப்புக் கோட்பாட்டின் வழியாக ஒரு விடை தந்தார், பிறகு வந்தவர்கள் அதைச் செப்பனிட்டார்கள். அறிவுள்ள ஒருவர் பந்தயம் கட்டினால் வீச்சின் வர்க்கத்தைத்தான் எடையாகக் கொள்வார் என்பது அதன் போக்கு. விடை முழுமை என்று சொல்பவர்களும் உண்டு, வட்டமடிக்கிறது என்பவர்களும் உண்டு. இரண்டாவது தரப்பின் வாதத்தையும் கொஞ்சம் படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். 2025-இல் நேச்சர் இதழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியலாளர்களிடம் கேட்டபோது, படி 8-இல் சொன்ன வழக்கமான பாடநூல் பார்வையான கோப்பன்ஹேகன் விளக்கத்தை 36 விழுக்காட்டினரும் பல உலகத்தை 15 விழுக்காட்டினரும் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே "விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்", "விஞ்ஞானிகள் நிராகரித்துவிட்டார்கள்" இரண்டுமே பொய்.

10. பணமும் நேரமும் போகும் குழிகள்

"குவாண்டம் தாவல்" என்று ஹோட்டல் அறையில் வார இறுதிக் கருத்தரங்கு நடத்துவார்கள். பணக்காரராக இருக்கும் இன்னொரு உங்களிடமிருந்து ஆற்றலை இழுத்துத் தருவதாகச் சொல்வார்கள். படி 5-ஐ முடித்தவருக்கு இது ஏன் நடக்காது என்று தெரியும்: சமன்பாடு நேர்கோட்டுத் தன்மை கொண்டது, ஒரு கிளையின் உறுப்பு இன்னொன்றின் வீச்சைத் தள்ளவோ இழுக்கவோ முடியாது. கட்டணத்தை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால், பயிற்சியின் பெயரை மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அங்கீகரித்த பயிற்சிக்கு மட்டுமே அந்தத் தொகை செல்லும். பைத்தான் அடிப்படைப் பயிற்சிக்கு அதைச் செலவழித்தால் படி 7-க்கு உதவும்.

"நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பிரபஞ்சம் பிரிகிறது" என்பது அடுத்த குழி. காப்பிக் கடையில் கோப்பி-ஓவா தே-சியா என்று யோசிப்பதால் எதுவும் பிரிவதில்லை. குவாண்டம் நிகழ்வு ஒன்று சுற்றுப்புறத்தில் பதிவாகும்போதுதான் பிரிகிறது, அது நீங்கள் யோசித்தாலும் தூங்கினாலும் நடந்துகொண்டே இருக்கிறது. "வேறு எங்கோ நன்றாக இருப்பேன், இங்கே என்ன ஆனாலும் சரி" என்ற பேச்சுக்கும் இதில் இடமில்லை. மோசமான விளைவின் எடை எவ்வளவோ அவ்வளவும் உங்களுக்கே.

2024 டிசம்பரில் கூகல் 105 கியூபிட் கொண்ட வில்லோ சில்லை அறிவித்தது. சாதாரண மீத்திறன் கணினிக்கு 10²⁵ ஆண்டு பிடிக்கும் கணக்கை ஐந்து நிமிடத்துக்குள் முடித்ததாகச் சொன்னது. அறிவிப்பை எழுதிய ஹார்ட்மட் நெவன், இது இணைப் பிரபஞ்சக் கருத்துக்கு வலுச் சேர்ப்பதாக ஒரு வரி சேர்த்தார். செய்தித் தலைப்புகள் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டன. கோப்பன்ஹேகன் விளக்கத்தில் கணக்கிட்டாலும், போமின் வழிகாட்டி அலை என்ற இன்னொரு விளக்கத்தில் கணக்கிட்டாலும் அந்தச் சில்லுக்கு அதே விடைதான் வரும். ஒரே விடையைத் தரும் சோதனை எவர் பக்கமும் சாயாது.

11. நேரில் கேட்க

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் 2007 முதல் இயங்கும் குவாண்டம் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கே நடக்கும் உரைகளின் அறிவிப்பு அதன் இணையதளத்தில் வரும், பழைய உரைகள் சிலவற்றைக் காணொளியாகவும் வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்களுக்கான உரை, பொதுமக்களுக்கான உரை என்று வகை போட்டிருப்பதைக் கவனியுங்கள். முதல் வகையில் புகுந்தால் பத்தாவது நிமிடத்தில் தூக்கம் வரும். பொது உரைக்கு முன்பதிவு கேட்டால் அன்றைக்கே செய்துவிடுங்கள். எம்ஆர்டி நிலையத்திலிருந்து வளாகப் பேருந்து போகும், இடம் தேட இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி நேரத்தில் "இணைப் பிரபஞ்சம் உண்மையா?" என்று கேட்டால் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். "ஒய் கால் கேட்டில் கிளை எண்ணிக்கை ஏன் தோற்கிறது, நீங்கள் எந்த விடையை ஏற்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், தேநீர் இடைவேளையிலும் நின்று பேசுவார்கள். மின்னஞ்சல் எழுதுவதானால் ஐந்து வரிக்குள், நீங்கள் போட்ட கணக்கின் படத்தோடு, ஒரே ஒரு கேள்வி. சொந்தக் கோட்பாட்டை இணைத்து அனுப்பினால் பதில் வராது. உரைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தவணைகளை ஒட்டியே நடக்கும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையும் அறிவிப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள், ஜூன், டிசம்பரில் அவ்வளவாக எதுவும் இருக்காது.